மின்வெட்டும் சிப்பும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதில் கல்முனை உட்பட நாடு முழுக்கக் கரண்ட் போனது. மாலையாகும்போது திரும்பி வந்தது. ஆனால் நுரைச்சோலை அனல்மின் நிலையம் உடனே மீளவில்லை. அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. கரண்ட் திரும்பினாலும் உடனே மீள முடியாத இந்தச் சிக்கல், நம் போனுக்குள் இருக்கும் சிப்பைச் செய்யும் ஆலைகளில் இன்னும் பெரிது.

நம்பிக்கை: சில நிமிடம் கரண்ட் போனால், சில நிமிட வேலைதான் நட்டம்.

உண்மை: வேஃபர் எனும் வட்டச் சிலிக்கன் தட்டு, நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து சிப்பாக மாற ஏறத்தாழ மூன்று மாதமாகும். கரண்ட் நின்றால் உலையின் வெப்பம் பிசகும். வெற்றிட அறைகளின் அழுத்தம் குலையும். காற்றை வடிகட்டும் விசிறிகள் நின்று தூசி படியும். பல வார உழைப்பு குப்பைக்குப் போகும். 2019 ஜூன் 15இல் ஜப்பானின் யொக்காய்ச்சியில் மின்சாரம் தடைப்பட்டது 13 நிமிடம். அங்குள்ள நினைவகச் சிப் ஆலையின் பங்காளியான வெஸ்டர்ன் டிஜிட்டல் மதிப்பிட்ட இழப்பு 6 எக்ஸாபைட். 128 ஜிபி போன்கள் நான்கரைக் கோடிக்கு மேல் செய்யப் போதுமான நினைவகம் அது.

நம்பிக்கை: ஜெனரேட்டர் இருந்தால் போதும்.

உண்மை: ஜெனரேட்டர் பிடிக்கும்வரை ஐஸ் தொழிற்சாலை பொறுக்கும், சிப் ஆலை பொறுக்காது. 2010 டிசம்பரில் யொக்காய்ச்சியிலிருந்த தோஷிபா ஆலையை நிறுத்தியது 0.07 விநாடி மின்னழுத்தச் சரிவு. கண் இமைக்க அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். முக்கிய இயந்திரங்களை மின்கலங்கள் தாங்கும். ஆனால் பெரிய ஆலையொன்றுக்கு 100 மெகாவாட்டும் அதற்கு மேலும் வேண்டலாம்; அத்தனையையும் மின்கலத்தில் ஓட்டுவது எளிதல்ல.

நம்பிக்கை: முன்கூட்டியே அறிவித்து வெட்டினால் பாதிப்பில்லை.

உண்மை: 2021 பெப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலின்போது ஆஸ்டின் நகரின் சாம்சங், என்எக்ஸ்பி, இன்ஃபினியன் ஆலைகளுக்குச் சொல்லித்தான் மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஆனாலும் சாம்சங் ஆலை வழமைக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலானது. ஏறத்தாழ 71,000 வேஃபர்கள் பாதிக்கப்பட்டன. கார்களுக்குச் சிப் கிடைக்காமலிருந்த அந்த ஆண்டில் தட்டுப்பாடு மேலும் இறுகியது.

நம்பிக்கை: கல்முனைக் கடைகளில் போன் விலை ஏறினால் சிப் தட்டுப்பாடுதான் காரணம்.

உண்மை: எப்போதும் அல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த ஆண்டு நம்மை வாட்டிய விலையேற்றத்துக்கு ரூபாவின் வீழ்ச்சி ஒரு பெரிய காரணம். தூரத்து ஆலை நின்றாலும் விலை ஏறும். ஆனால் எல்லாப் பழியையும் அதன்மீது போட முடியாது.

இலத்திரனியல் தொழிற்சாலை கொண்டுவருவோம் என்று வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் ஒன்று கேட்க வேண்டும்: எத்தனை மணித்தியாலம் கரண்ட் தருவீர்கள் என்பது மட்டுமல்ல, அது எத்தனை முறை அறுபடும் என்றும். அதற்குப் பதில் இல்லாதவரை அந்த வாக்குறுதியை நம்ப வேண்டாம்.