பெருநாள் விருந்தும் உறக்கத்தில் நிற்கும் மூச்சும்

பெருநாளன்று ஜார்ஜ் டவுன் கடையைப் பூட்டிவிட்டு, பத்து காவானில் உறவினர் வீட்டு விருந்துக்குப் புறப்படுகிறோம். பிரியாணி, பேச்சு, நடுநிசி! உறக்க மூச்சுத்தடை உள்ளவரின் கருவியோ வீட்டிலேயே தங்கிவிடுகிறது. குறட்டை நல்லுறக்கத்தின் அடையாளமென்றே நம்மில் பலர் கருதுகிறோம்.

உறங்குகையில் தொண்டைத் தசை தளர்ந்து பாதை அடைபட, 10 விநாடிக்கும் மேலாக மூச்சு நிற்கிறது, ஓரிரவில் பன்முறை. 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழுவினர் வெளியிட்ட கருவி, காற்றழுத்தத்தால் அப்பாதையைத் திறந்துவைக்கிறது. அணியாத இரவுக்கு அதனால் பயனில்லை. மூக்குக்கண்ணாடிக்கு இல்லாத வெட்கம் இதற்கேன்?

வயிறு முட்ட உண்டவுடன் மல்லாந்து படுத்தலும் தீதே, ஒருக்களித்துப் படுப்போம். மறுநாள் கண் சொருகினால், 2014-ல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலத்தில் வண்டிச்சாவி மகன் கையில் இருக்கட்டும்.