பைக்கில் வைத்த பொருள் களவு போனால் காப்புறுதி கிடைக்குமா?

மோட்டார் சைக்கிளுக்கு "ஃபுல் இன்சூரன்ஸ்" எடுத்துவிட்டால் அதில் இருக்கும் எல்லாவற்றுக்கும் காப்புறுதி உண்டு என்றே நமது வியாபாரிகளில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். பைக்கில் தொங்கும் ஹெல்மெட், மழைக்குப் போடும் ரெயின் கோட், பின்னால் பூட்டிய பெட்டி, பெட்டிக்குள் இருக்கும் சரக்கு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும் என்பது அவர்களது நம்பிக்கை. உண்மை நிலை வேறு. அதனைப் பொருள் களவு போன பிறகு தெரிந்துகொள்வதை விட முன்னரே தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இவ்வாரம் இந்த விடயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கொழும்பில் கைத்தொலைபேசி உதிரிப் பொருட்களை மொத்தமாக விற்கும் இளம் வியாபாரி ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்தார். அவரது விற்பனைப் பிரதிநிதியான பையன் குருநாகலுக்கு பைக்கில் சரக்கு கொண்டுபோயிருக்கிறான். ஒரு கடைக்கு முன்னால் பைக்கைப் பூட்டி நிறுத்திவிட்டு, ஓடர் எடுக்க உள்ளே போனவன் அரை மணித்தியாலத்தில் வெளியே வந்து பார்த்தால் பைக் அப்படியே நிற்கிறது. ஆனால் ஹெல்மெட் இல்லை. அதனுடன் சேர்த்து மாட்டியிருந்த ஜெக்கட்டும் கையுறையும் இல்லை. பின்னால் போல்ட் போட்டுப் பூட்டிய பெட்டியைச் சரக்கோடு கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வசூல் பணம் மட்டும் பையனின் சட்டைப் பைக்குள் இருந்ததால் தப்பியது.

ஹெல்மெட், ஜெக்கட், கையுறை 40,000 ரூபா. பெட்டி 15,000 ரூபா. சரக்கு 85,000 ரூபா. மொத்தம் 140,000 ரூபா. காப்புறுதி நிறுவனம் ஒரு சதமும் தர முடியாது என்று கடிதம் அனுப்பியிருந்தது. "நானா, ஃபுல் இன்சூரன்ஸ் தானே போட்டிருக்கன், ஏன் சல்லி தாராங்க இல்ல?" என்பதுதான் அவரது கேள்வி.

அவரது பத்திரத்தை வாங்கி வரிக்கு வரி வாசித்துப் பார்த்தேன். நிறுவனம் சொன்னது பத்திரத்தில் உள்ளதுதான். ஏன் என்பதை ஒவ்வொரு பொருளாகப் பார்ப்போம்.

ஹெல்மெட்டும் ஜெக்கட்டும்

மோட்டார் காப்புறுதி வாகனத்துக்கானது. ஹெல்மெட், ஜெக்கட், கையுறை, சப்பாத்து, ரெயின் கோட் போன்றவை வாகனத்தின் பாகங்கள் அல்ல. அவை ஓட்டுபவரின் சொந்த உடைமைகள். பைக்கின் கைப்பிடியில் தொங்குவதால் ஹெல்மெட் பைக்கின் பாகமாகிவிடாது. இத்தகைய உடைமைகளையும் சேர்க்க வேண்டுமானால், தனியாகக் கேட்டு, தனியாகக் கட்டணம் செலுத்தி, பத்திரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் அதனைச் செய்து கொடுக்கும், சில செய்யாது. எழுதப்படாதது இல்லை என்றே கொள்ள வேண்டும்.

பூட்டிய பெட்டி

பைக்கில் போல்ட் போட்டுப் பொருத்திய பெட்டி துணைப் பொருள் எனப்படும். கண்ணாடி, கிராஷ் பார், மேலதிக விளக்கு ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை வாகனத்தோடு சேர்த்துக் காப்புறுதி செய்யப்படலாம். ஆனால் மோட்டார் சைக்கிள் பத்திரங்களில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: பைக்கும் அதே நேரத்தில் களவு போனால் அன்றி, துணைப் பொருள் மட்டும் களவு போனதற்கு நட்டஈடு இல்லை. மோட்டார் சைக்கிளில் இருந்து பொருட்களைக் கழற்றி எடுப்பது மிகவும் இலகு என்பதாலேயே நிறுவனங்கள் இந்த நிபந்தனையைப் போடுகின்றன. நமது வியாபாரியின் பத்திரத்திலும் சிறிய எழுத்தில் இதுவே இருந்தது. கள்வன் பைக்கையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தால் பெட்டிக்கும் கேட்டிருக்கலாம். பைக்கை விட்டுப் போனதால் பெட்டிக்குக் கிடைக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்த சரக்கு

140,000 ரூபாவில் பெரிய பங்கு இதுதான். விற்பனைக்கான சரக்கு மோட்டார் காப்புறுதியில் அடங்குவதில்லை. "கடைக்கு களவுக் காப்புறுதி இருக்கிறதே" என்று அவர் அடுத்ததாகச் சொன்னார். அதுவும் உதவாது. கடைக்கான களவுக் காப்புறுதி, பத்திரத்தில் குறிப்பிட்ட கட்டடத்துக்குள் இருக்கும் பொருளுக்கே பொருந்தும். அதிலும் கதவையோ பூட்டையோ கூரையையோ உடைத்துப் பலவந்தமாக உள்ளே நுழைந்ததற்கு அடையாளம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. கடை வாசலில் வைத்த பொருளையே அது காப்பாற்றாது என்றால், குருநாகல் வீதியில் நின்ற சரக்கை எப்படிக் காப்பாற்றும்?

வீதியில் போகும் சரக்குக்கு, கொண்டு செல்லப்படும் பொருட்களுக்கான காப்புறுதி என்று ஒன்று தனியாக உண்டு. அதனை எடுக்கும்போது மூன்று விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முதலாவது, சரக்கு மோட்டார் சைக்கிளில் போகிறது என்பது பத்திரத்தில் இருக்கிறதா? லொறியும் வேனும் மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால் பைக்கில் போகும் சரக்கு வெளியில் நின்றுவிடும். இரண்டாவது, ஆள் இல்லாமல் நிறுத்திய வாகனத்தில் இருந்து களவு போனால் தருவார்களா? பல பத்திரங்களில் இது விலக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, ஒரு பயணத்துக்கு உச்ச வரம்பு எவ்வளவு?

வசூல் பணத்துக்கும் இது பொருந்தாது. அதற்கு கொண்டு செல்லப்படும் பணத்துக்கான காப்புறுதி வேறாக இருக்கிறது. வேலையாளே பணத்தையோ சரக்கையோ எடுத்துக்கொண்டு போனால் அதற்கும் வேறு பத்திரம்தான்.

ஆக, ஒரே பைக்கில் ஒரே நாளில் களவு போன மூன்று வகைப் பொருட்களுக்கு மூன்று வேறு பதில்கள். காப்புறுதி, பொருள் எங்கே தொங்குகிறது என்று பார்ப்பதில்லை. பத்திரத்தில் எந்தப் பொருள், எந்த இடத்தில், எந்த ஆபத்துக்கு எதிராக எழுதப்பட்டிருக்கிறது என்றே பார்க்கிறது. தகாபுல் முறையில் காப்புறுதி எடுத்தவர்களும் இதனைக் கவனிக்க வேண்டும். நிதி நிர்வகிக்கப்படும் முறை வேறாக இருந்தாலும், எது அடங்கும், எது அடங்காது என்பதை அங்கும் பத்திரமே தீர்மானிக்கிறது.

கிடைத்தாலும் எவ்வளவு கிடைக்கும்?

ஒரு பேச்சுக்கு, அவரது பத்திரத்தில் பெட்டிக்கு நட்டஈடு உண்டு என்று வைத்துக்கொள்வோம். 15,000 ரூபாவுக்கு வாங்கிய பெட்டி, இரண்டு வருடப் பாவனையின் பின் 10,000 ரூபா பெறுமதியாகக் கணிக்கப்படலாம். காப்புறுதி இழந்ததை ஈடு செய்யுமே தவிரப் பழையதற்குப் புதியது தருவதில்லை. அதில் எக்ஸஸ் எனப்படும், நாமே தாங்க வேண்டிய முதற் பகுதி 5,000 ரூபா என்றால் கைக்கு வருவது 5,000 ரூபா. இனி, வருடக் கட்டணம் 30,000 ரூபா, அதில் நோ க்ளெய்ம் போனஸாக 20 வீதக் கழிவு இருந்தது என்று கொள்வோம். இழப்பீடு கேட்டதால் அந்தக் கழிவு போனால் அடுத்த வருடம் 6,000 ரூபா கூடுதலாகக் கட்ட வேண்டும். 5,000 ரூபாவை வாங்கி 6,000 ரூபாவைக் கொடுப்பது வியாபாரமா?

இது உதாரணக் கணக்குத்தான். உங்கள் பத்திரத்தில் உள்ள தொகைகளைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரக்குக்குக் காப்புறுதி செய்யும்போது இன்னொரு கணக்கும் உண்டு. 20 இலட்சம் ரூபா பெறுமதியான சரக்கை, கட்டணத்தைக் குறைப்பதற்காக 10 இலட்சம் என்று எழுதியிருந்தால், 2 இலட்சம் ரூபா சரக்கு களவு போகும்போது 1 இலட்சம் மட்டுமே கிடைக்கக்கூடும். பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவர் மீதிப் பாதியைத் தாமே தாங்குகிறார் என்பதுதான் இதன் அடிப்படை. 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்து, 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியபோது, இறக்குமதிப் பொருட்கள் எல்லாம் விலை ஏறின. அதற்கு முன்னர் எழுதிய தொகையை மாற்றாமல் வருடா வருடம் புதுப்பித்து வருபவர்கள் உடனே அதனைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

எதற்குக் காப்புறுதி, எதற்குச் சேமிப்பு?

நமது வியாபாரத்தைப் படுக்க வைக்கக்கூடிய நட்டத்துக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும். தாங்கக்கூடிய சிறு நட்டத்துக்குச் சேமிக்க வேண்டும். பைக் ஒருவர் மீது மோதி அவர் இறந்துவிட்டால் வரும் பொறுப்பு எவ்வளவு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்றாந் தரப்புக் காப்புறுதியை மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதும் இதனாலேயே. அடுத்தது பைக், அதன் பின் சரக்கு. ஹெல்மெட்டும் ரெயின் கோட்டும் இந்த வரிசையில் கடைசி. ஒரு பைக்குக்கு மாதம் 1,000 ரூபா வீதம் தனியாக எடுத்து வைத்தால் வருடத்துக்கு 12,000 ரூபா சேரும். களவு போகாத வருடத்தில் அந்தப் பணம் உங்களிடமே இருக்கும்.

ஆனால் கடையில் ஒரு ஹெல்மெட் மேலதிகமாக இருக்கட்டும். ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் அணிவது சட்டப்படி கட்டாயம். அது இல்லாமல் பைக்கை எடுக்க முடியாது. அன்றைய விநியோகமும் நின்றுவிடும்.

களவு போனால் செய்ய வேண்டியவை

1. அன்றே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, போன பொருட்களை ஒவ்வொன்றாகப் பெறுமதியுடன் பதிய வேண்டும். "சில சாமான்கள்" என்று எழுதிவிட்டு வந்தால் பின்னர் விரிவுபடுத்துவது கடினம். முறைப்பாட்டின் பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

2. காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே அறிவியுங்கள். தாமதம் நல்ல கோரிக்கையையும் கெடுத்துவிடும்.

3. உடைந்த பூட்டு, அறுந்த போல்ட் ஆகியவற்றைத் திருத்த முன் படம் எடுத்து வையுங்கள். அருகிலுள்ள கடையில் கெமரா இருந்தால் பதிவு அழிய முன் கேளுங்கள்.

4. வாங்கிய பில்களைக் காட்ட வேண்டிவரும். பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் சரி, ஊர்க் கடையில் வாங்கினாலும் சரி, பில் இல்லாமல் வாங்காதீர்கள். சரக்கு வெளியே போகும்போது பட்டியல் எழுதி, பையனின் கையொப்பத்துடன் ஒரு பிரதியைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. பைக்கை விநியோகத்துக்குப் பயன்படுத்துவதை முன்மொழிவுப் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள். சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டுச் சரக்கு ஏற்றினால், களவுக்கு மட்டுமல்ல, விபத்துக்கும் சிக்கல் வரலாம்.

6. நிராகரிப்பு நியாயமற்றது என்று தோன்றினால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் மேன்முறையீடு செய்யுங்கள். அதிலும் திருப்தி இல்லையெனில், 2005 முதல் இயங்கிவரும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். முகவர் வாயால் சொன்னதை அங்கே நிரூபிக்க முடியாது. எனவே முகவரிடம் கேட்பவற்றை ஆரம்பத்திலேயே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

பையனின் சம்பளத்தில் வெட்டலாமா?

கடிதம் கொண்டு வந்த வியாபாரி கடைசியாக ஒன்று சொன்னார். நிறுவனம் தராததால், சரக்கின் பெறுமதியைப் பையனின் சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கப் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். பையன் பைக்கைப் பூட்டியிருக்கிறான், பட்டப்பகலில் வாடிக்கையாளரின் கடை வாசலில் நிறுத்தியிருக்கிறான், முதலாளியின் வேலையாகவே உள்ளே போயிருக்கிறான். வசூல் பணத்தைப் பெட்டிக்குள் வைக்காமல் உடம்பில் வைத்துக்கொண்டதும் அவன்தான். சரக்கு விற்றால் இலாபம் முதலாளிக்கு. அப்படியானால் கவனக்குறைவு இல்லாமல் சரக்கு போனால் நட்டமும் முதலாளிக்கே. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவனின் மீது 85,000 ரூபாவை ஏற்றினால், சில மாதங்களில் அவனும் போய்விடுவான், அவனுக்குத் தெரிந்த வாடிக்கையாளர்களும் போய்விடுவார்கள். அவர் யோசித்து, கழிப்பதில்லை என்று முடிவு செய்தார். சரக்குக்குத் தனிப் பத்திரம் எடுப்பதற்கும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கடையிலும் பைக்கில் சரக்கு போகிறது என்றால், இவ்வாரம் பத்திரத்தை வெளியில் எடுத்து விலக்குகள் எழுதப்பட்டுள்ள பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் படித்த பிள்ளையிடம் கொடுத்து விளக்கம் கேளுங்கள். பைக்கில் போகும் பொருட்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பத்திரம் என்று குறித்துப் பாருங்கள். வெற்றிடமாக இருக்கும் வரிகளைப் பற்றி முகவரிடம் பேச வேண்டியது இப்போதுதான், களவு போன பிறகல்ல.