நீச்சல் குளத்துக்கு வேலி போடப் போறியா? அக்கா சொல்றதைக் கேளு

குளம் தோண்டி டைல்ஸ் ஒட்டி முடிக்கறதுக்குள்ள கையில இருக்கற காசு கரைஞ்சிடும். வேலிக்கு வர்றப்போ, "நாலு கம்பி நட்டு பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடறேம்மா"ன்னு கிரில் கடைக்காரர் சொல்வார். உடனே தலையாட்டிடாதே. நீலாங்கரையில ஆரம்பிச்சு கோவளம் தாண்டி ஈ.சி.ஆர்.ங்கற கடற்கரைச் சாலை ஓரமா வீடு கட்டறவங்க விலையைக் கேட்கறதுக்கு முன்னாடி, இந்த உலோகம் உப்புக் காத்தைத் தாங்குமான்னு கேட்கணும். அங்க குளத்து ஓரத்துல நிக்கற கம்பிக்கு ஒரு பக்கம் கடல் உப்பு, இன்னொரு பக்கம் குளோரின் தண்ணி.

அதனால எம்.எஸ். குழாய், அதாவது சாதா இரும்பு, கடல் பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். ரெட் ஆக்சைடு, அதுக்கு மேல எனாமல்னு எத்தனை கோட் அடிச்சாலும் வெல்டிங் பண்ணின மூலையில துரு ஆரம்பிச்சிடும். வெளியில பளபளன்னு இருக்கும், குழாய்க்கு உள்ள தண்ணி தேங்கி அரிச்சுட்டு இருக்கும். கம்பம் தரையோட சேர்ற இடத்துல ஒரு நாள் கையால அசைச்சா ஆடும். செயின் லிங்க் வலை மலிவுதான். ஆனா அந்த ஓட்டையில கால் வச்சுக் குழந்தை ஏறிடும். அதையும் விட்டுடு.

எல்லாரும் ஏமாறற இடம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். "எஸ்.எஸ். துருப்பிடிக்காது"ன்னு கண்ணை மூடிட்டு வாங்கறாங்க. கடையில அந்தப் பேர்ல மூணு தரம் விக்குது. 202ல நிக்கல் கம்மி, விலையும் கம்மி. படிக்கட்டுக் கைப்பிடிக்குப் பெரும்பாலும் இதைத்தான் தலையில கட்டுவாங்க. 304ல சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கடலை விட்டுத் தள்ளி இருக்கற வீட்டுக்கு அது நல்ல சரக்கு. 316ல அதோட 2, 3 சதவீதம் மாலிப்டினமும் சேரும். உப்பை எதிர்த்து நிக்கறது அந்த மாலிப்டினம்தான். கடல் ஓரத்துல 304 போட்டா டீ சிந்தின மாதிரி பழுப்புக் கறை படியும். 316லயும் வரலாம், ஆனா மெதுவா வரும். நல்ல தண்ணி விட்டுக் கழுவிட்டு வந்தா அடங்கியிருக்கும்.

காந்தம் வச்சுப் பார்த்துட்டு "ஒட்டலை பாருங்க, நல்ல சரக்கு"ம்பாங்க. நம்பாதே. 202லயும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 304ஆ 316ஆன்னு பார்க்க, மாலிப்டினம் இருந்தா நிறம் மாறிக் காட்டற டெஸ்ட் கிட் இருக்கு. கூடவே பில்லுல கிரேடு நம்பரை எழுதி வாங்கு. எழுதித் தரத் தயங்கினா அந்தக் கடையே வேண்டாம்.

நல்ல சரக்கையும் பட்டறையில கெடுக்கலாம். இரும்பை ராவின அதே கிரைண்டிங் சக்கரத்தால எஸ்.எஸ்.ஸை ராவினா, இரும்புத் தூள் அதுல பதிஞ்சு புள்ளி புள்ளியாத் துரு கிளம்பும். தனிச் சக்கரம், ஆர்கான் வெல்டிங், வெல்டிங் கருப்பைப் பேஸ்ட் போட்டு எடுக்கறது, இந்த மூணையும் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசிடு. பாலிஷும் கண்ணாடி மாதிரி வழவழப்பா இருக்கட்டும். கோடு கோடா இருக்கற மேட் ஃபினிஷ்ல உப்பு தங்கிடும்.

முழு வேலியும் 316ல போட்டா செலவு தாங்காது. என்னைக் கேட்டா, கடல் பக்கத்துக்கு அலுமினியம்தான். எடையில இரும்புல மூணுல ஒரு பங்கு. செந்துரு வராது. பவுடர் கோட்டிங் பண்ணினா பெயிண்ட் அடிக்கற தொல்லையும் குறையும். ரெண்டு விஷயம் மட்டும் கவனி. ஈரச் சிமெண்ட் அலுமினியத்தை அரிக்கும், அதனால கம்பத்தைக் காங்கிரீட்ல நேரா புதைக்க விடாதே; அடியில பிளேட் வச்சு போல்ட் போடச் சொல்லு. அந்த போல்ட் 316ஆ இருக்கட்டும், நடுவுல நைலான் வாஷர் வரட்டும். ரெண்டு வேற உலோகம் உப்புத் தண்ணியில தொட்டுட்டு இருந்தா அலுமினியம்தான் முதல்ல கரையும். நிறம் கருப்பா இருந்தா வேலி கண்ணை மறைக்காது, குளத்துல யார் இருக்காங்கன்னு பளிச்னு தெரியும். ஆனா சித்திரை மத்தியானத்துல தொட முடியாது. உன் இஷ்டம்.

கோயம்புத்தூர், மதுரைன்னு கடலை விட்டுத் தள்ளி இருந்தா ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசின இரும்பு, போதும். குழாயா வாங்கி வெல்டிங் பண்ணினா, அந்த இடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிடும். அதனால முதல்ல ஃபிரேமை முழுசாச் செஞ்சு, அப்புறம் துத்தநாகக் குளியல்ல முக்கி எடுக்கற ஹாட் டிப் முறையைக் கேளு.

எந்த உலோகமா இருந்தாலும் வேலியோட வடிவம் தப்பா இருந்தா வீண்தான். ஆஸ்திரேலியாவுல வீட்டுக் குளத்துக்கு வேலி சட்டப்படி கட்டாயம். அந்த அளவையே நீயும் வச்சுக்கோ. குறைஞ்சது 1.2 மீட்டர் உயரம். கம்பிக்குக் கம்பி 10 செ.மீ.க்கு மேல இடைவெளி கூடாது, தரைக்கும் அடிக் கம்பிக்கும் அதே கணக்கு. கம்பி எல்லாம் செங்குத்தா நிக்கணும். நம்ம கிரில் டிசைன்ல வர்ற பூ, கொடி, வளையம் எல்லாம் குழந்தை கால் வைக்கற படி. வேலி ஓரமா பூந்தொட்டி, பிளாஸ்டிக் சேர், மோட்டார் பெட்டி எதுவும் ஏறி நிக்கற தூரத்துல இருக்கக் கூடாது. வீட்டுச் சுவரை நாலாவது பக்கமாக் கணக்கு பண்ணி மூணு பக்கம் மட்டும் வேலி போட்டு மிச்சம் பிடிக்காதே. பின் கதவைத் திறந்தா நேரா குளம்னா வேலி இருந்து என்ன பிரயோஜனம்?

கேட் குளத்துப் பக்கம் திறக்கக் கூடாது, வெளிப்பக்கம் திறக்கணும். விட்டவுடனே தானா மூடித் தாழ் விழணும். தாழ்ப்பாள் 1.5 மீட்டர் உயரத்துல இருந்தா பொடிசுங்களுக்கு எட்டாது. ஸ்பிரிங் கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் மட்டுமாவது 316 வாங்கு, காசை அங்க பார்க்காதே. வேலை முடிஞ்ச அன்னிக்குக் கேட்டை ஒரு சாண் மட்டும் திறந்து விட்டுப் பாரு. அதுவா போய்ப் பூட்டலைன்னா பாக்கிப் பணத்தைக் குடுக்காதே.

எலக்ட்ரீஷியன் போறதுக்கு முன்னாடி, குளத்து லைட், மோட்டார் லைன்ல மின்கசிவு வந்தா கரண்ட்டை நிறுத்தற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கா, வேலிக்கும் எர்த்திங் வேணுமான்னு பார்க்கச் சொல்லு. குளத்துக்கு ஊத்தற ஆசிட் கேனை வேலி ஓரத்துல வைக்க விடாதே, அந்த ஆவியே 316ஐயும் அரிச்சிடும். குளோரின் பக்கத்துலயும் அதை வைக்கக் கூடாது, ரெண்டும் கலந்தா விஷ வாயு. ஆசிட்டுக்குத் தனியா, காத்தோட்டமா, பூட்டு போட்ட இடம் பார்த்து வை.