கரிசல் மண்ணில் இரு இராகங்கள்

அருப்புக்கோட்டைப் பிள்ளைகளாகிய எங்களுக்குத் தறிச் சத்தம் தெரியும். சினிமாப் பாட்டு தெரியும். கர்நாடக சங்கீதமோ காவிரிக் கரையாருக்கே உரியது என்று எண்ணியிருந்தோம். வானொலியில் ஆலாபனை தொடங்கினாலே குமிழைத் திருப்பிவிடுவோம்.

தெற்கே தூத்துக்குடிச் சாலையில் பந்தல்குடி தாண்டிச் சென்றால் எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் காலமானதும் அங்கேதான். அவர் அப்பக்கம் வந்தபோது வறண்ட நிலத்தைக் கண்டு மனமிரங்கி அமிர்தவர்ஷிணி இராகத்தில் பாடினார் என்றும், உடனே மழை பொழிந்தது என்றும் சொல்வார்கள். மழைக்குச் சான்று கேட்க நாங்கள் வரவில்லை. கண்மாய் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேண்டுதல் புரியும்.

இனிப் பாடத்துக்கு வருவோம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையைச் சட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். ச, க, ம, ப, நி என ஐந்தே சுரங்கள். ரியும் தவும் கிடையா. மத்திமம் மட்டும் கறுப்புக் கட்டை, மற்றவை வெள்ளை. இதுவே அமிர்தவர்ஷிணி. முதல் நாள் நாங்கள் கறுப்பைத் தவறவிட்டு, அதற்கு முந்திய வெள்ளைக் கட்டையை அழுத்திவிட்டோம். வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தப் பிழையும் இனிமையாக ஒலித்தது! காரணம், அதுவும் ஓர் இராகமே, பெயர் கம்பீரநாட்டை.

வியப்பு இதற்கு மேல்தான். கிழக்கே குண்டாற்றங்கரைத் திருச்சுழியைச் சுந்தரர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் 82ஆவது. அதன் பண் நட்டபாடை. அப்பண்ணை ஓதுவார்கள் கம்பீரநாட்டையில் பாடுவது வழக்கம். ஆக, திருச்சுழிக்கு வெள்ளைக் கட்டை, எட்டயபுரத்துக்குக் கறுப்புக் கட்டை. எங்களுக்கு இருபுறமும் உள்ள இரண்டு ஊர்ப் பாட்டுகளுக்கும் இடையே அரைச் சுர தூரமே!

அன்றுமுதல் கண்ணை மூடிக்கொண்டு 'எந்த மத்திமம்?' என்று கண்டுபிடிப்பதே எங்கள் விளையாட்டாயிற்று. முதல் வாரம் எல்லாம் ஒன்றாகவே கேட்டது. பலர் சலித்துப் போனோம். பிறகு ஒருநாள் காது தானாகவே திறந்தது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை.

இடையில் ஒரு செய்தி. தீட்சிதர் குடும்பம் காத்துவந்த கீர்த்தனைகள் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் நூலாக 1904இல் எட்டயபுரத்தில் அச்சாயின. அவற்றை வெளியிடும்படி அவரை விடாது தூண்டியவர் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர். நம் இசையை மேல்நாட்டுச் சுரக்குறியில் எழுதி வெளியிட்டவர் அவர்.

இப்போது வீட்டில் ஆலாபனை தொடங்கினால், "என்ன புள்ள, பாட்டை மாத்தலையா?" என்று அம்மா கேட்கிறார்.

"பொறும்மா, மத்திமம் வரட்டும்" என்கிறோம்.