ரேங்க் வராவிட்டால் கையில் என்ன இருக்கும்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரமே கோச்சிங் சென்டர்களிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். “ஜேஇஇயா சார், நீட்டா?” என்பதுதான் முதல் கேள்வி. மூன்றாவதாக ஒரு வழி இருப்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். அதில் விற்பதற்கு ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், அரசு கலை அறிவியல் கல்லூரிகள் ஆகியவற்றின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் இன்றும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன.

பிள்ளையின் இரண்டு வருட உழைப்பை எந்தத் தேர்வில் எவ்வளவு போடுவது என்று யோசிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எந்தத் தேர்வுக்கு மதிப்பு அதிகம் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டாம். இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும்: அந்த மதிப்பெண் எங்கெல்லாம் செல்லும், நினைத்த இடம் கிடைக்காமல் போனால் அதே மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு வேறு எங்கே சேரலாம். கோச்சிங் விளம்பரங்கள் முதலாவதைப் பெரிய எழுத்தில் போடும். வீட்டின் சேமிப்பைத் தீர்மானிப்பது இரண்டாவது.

பிளஸ் டூ கட்-ஆஃப்

இப்போது ஐம்பதை நெருங்கும் பெற்றோர் பலர் நுழைவுத் தேர்வு எழுதிப் பொறியியல் படித்தவர்கள். 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த அந்தத் தேர்வு, 2006-ல் கொண்டுவந்த சட்டத்தால் நின்றது. அன்று கட்-ஆஃப் 300-க்கு: பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. அதனால்தானோ என்னவோ, நுழைவுத் தேர்வு இல்லாத சேர்க்கையை ஒரு படி மட்டமாகப் பார்க்கும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு இருக்கிறது. ஆனால் கிண்டி பொறியியல் கல்லூரிக்கும் குரோம்பேட்டை எம்ஐடிக்கும் இன்று போகும் வழி பிளஸ் டூ மதிப்பெண்தான்.

இப்போதைய கணக்கு 200-க்கு. கணிதம் 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. இந்தப் பாதிக்குள் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு மாணவி கணிதத்தில் 98, இயற்பியலில் 84, வேதியியலில் 90 வாங்குகிறாள், கட்-ஆஃப் 185. இன்னொருத்தி கணிதத்தில் 84, இயற்பியலில் 98, வேதியியலில் 90, கட்-ஆஃப் 178. மூன்று பாடங்களின் கூட்டுத்தொகை இருவருக்கும் 272-தான். ஆனால் கலந்தாய்வு ரேங்க் பட்டியலில் இருவருக்கும் நடுவே ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள். கணிதத்தில் சறுக்கும் பிள்ளைக்கு டியூஷன் வைப்பதென்றால் முதலில் அதற்குத்தான் வைக்க வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கட்-ஆஃபில் சேராது, பிளஸ் ஒன் மதிப்பெண்ணும் சேராது. இந்தக் கடைசி விஷயம் பல பள்ளிகளைக் கெடுத்து வைத்திருக்கிறது; அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. உச்சியில் நெரிசல் அதிகம். அரை மார்க்குக்குள் பெரிய கூட்டமே இருக்கும். சமமானால் கணிதம், இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்து, பிறந்த தேதி வரை போய், கடைசியில் ரேண்டம் நம்பர் தீர்ப்புச் சொல்லும். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மனப்பாடம் செய்தே நல்ல மதிப்பெண் வாங்கிவிட முடியும் என்ற குற்றச்சாட்டும் உண்மைதான். கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு முதல் செமஸ்டரில் எம்-ஒன் கணிதத் தாளில் அரியர் வைக்கும் பிள்ளைகளை எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பார்க்கலாம்.

இருந்தாலும் இந்த மதிப்பெண் வீணாவதில்லை. பொறியியல் பிடிக்கவில்லையா, அதே மார்க் ஷீட்டோடு கணித பி.எஸ்சி.க்கோ, உயிரியலும் படித்திருந்தால் வேளாண்மைக்கோ விண்ணப்பிக்கலாம். ஒரு வருடம் தள்ளிப்போனாலும் அது காலாவதி ஆகாது.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியலுக்கும் நீண்டது. பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. “பிளஸ் ஒன்னுக்கு நல்ல பிரைவேட் ஸ்கூலில் போடலாம்” என்று கடன் வாங்கி மாற்றும் குடும்பங்கள் இந்த உரிமையை அன்றே இழந்துவிடுகின்றன. மாற்றுவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து இதைக் கணக்குப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மாற்றாமல் இருப்பதே லாபம்.

ஜேஇஇ மெயின், அதற்கு மேல் அட்வான்ஸ்டு

ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது. இரண்டையும் எழுதலாம், எது அதிகமோ அது கணக்கு. 75 கேள்விகள், 300 மதிப்பெண், சரியானதற்கு 4, தவறானதற்கு மைனஸ் 1. மூன்று பாடங்களுக்கும் சம எடை. மேலே சொன்ன இரண்டாவது மாணவிக்குக் கட்-ஆஃப் கணக்கில் விழுந்த அடி இங்கே விழாது. தமிழிலும் வினாத்தாள் உண்டு.

இதில் பெற்றோர் அதிகம் ஏமாறுவது பர்சன்டைலில். “எங்கள் மாணவர் 95!” என்று தெருமுனையில் பிளெக்ஸ் வைத்தால் அது 95 மார்க்கும் இல்லை, 95 சதவீதமும் இல்லை. நூறு பேரில் 95 பேர் அவருக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்று பொருள். 14 லட்சம் பேருக்கு மேல் எழுதும் தேர்வில் 95 பர்சன்டைல் என்றால் அவருக்கு முன்னால் சுமார் 70 ஆயிரம் பேர். திருச்சி என்ஐடியில் கம்ப்யூட்டர் சயின்ஸை அந்த ரேங்க்கில் கனவு காண வேண்டாம்.

திருச்சி என்ஐடியின் பாதி இடங்கள் தமிழ்நாட்டுக்கு. ஆனால் ‘தமிழ்நாடு’ என்பதை இங்கே முடிவு செய்வது சொந்த ஊர் அல்ல, பிளஸ் டூ தேறிய ஊர். ஐஐடி கனவோடு பிள்ளையை ஹைதராபாத்திலோ கோட்டாவிலோ பிளஸ் டூ சேர்க்கும் பெற்றோரில் எத்தனை பேர் இதை விசாரிக்கிறார்கள்? அங்கே தேறினால் திருச்சியில் அவன் வெளிமாநிலத்தவன். காரைக்காலில் இருக்கும் என்ஐடி நாகப்பட்டினத்துக்காரர்களுக்குப் பக்கத்து ஊர், ஆனால் அதன் உள்மாநில ஒதுக்கீடு புதுச்சேரிக்குப் போகிறது.

இன்னொன்றும் உண்டு. ரேங்க் வந்தாலும் ஐஐடி, என்ஐடியில் சேர பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும், அல்லது தன் போர்டில் முதல் 20 பர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 65 சதவீதம். பள்ளிக்கே போகாமல் கோச்சிங்கில் உட்கார வைக்கும் டம்மி ஸ்கூல் ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லாததற்கு இது ஒரு காரணம். மாநிலக் கலந்தாய்வையும் விட்டு, கடைசியில் இந்த வரம்பையும் தொடாமல் நிற்பது தேவையில்லாத ஆபத்து.

மெயினில் முதல் இரண்டரை லட்சம் பேர் அட்வான்ஸ்டு எழுதலாம். ஐஐடிகள் எல்லாவற்றிலும் சேர்த்து இடங்கள் சுமார் 18 ஆயிரம். அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் இரண்டே வாய்ப்பு. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். மெயினுக்கும் இதற்கும் இருக்கும் தூரம், பிளஸ் டூவுக்கும் மெயினுக்கும் இருப்பதைவிட அதிகம். பழைய வினாத்தாளிலிருந்து ஒரு கணக்கை எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். போட்டுவிடுகிறானா என்று பார்க்க வேண்டாம். அரை மணி நேரம் தோற்றுவிட்டு, சாப்பிட்ட பிறகு அதே கணக்கிடம் தானாகத் திரும்பி வருகிறானா என்று பாருங்கள். வராத பிள்ளையை இரண்டு வருடம் இதில் தள்ளுவது காசும் போய், கணிதத்தின் மேல் இருக்கும் பிரியமும் போகும் வேலை.

கிடைக்காவிட்டால்? ஜேஇஇ ரேங்க் அந்த ஆண்டோடு சரி; கிண்டியில் அதைக் காட்ட முடியாது. சில தனியார் கல்லூரிகள் பார்க்கும், அவ்வளவுதான். ஆனால் மெயின் எழுத ஆகும் செலவு விண்ணப்பக் கட்டணம் மட்டுமே. பிளஸ் டூவுக்கு ஒழுங்காகப் படிக்கும் எந்தக் கணித மாணவரும் அதை எழுதிப் பார்க்கலாம். கோச்சிங்குக்கு லட்சம் ரூபாய் கட்டுவது வேறு விஷயம்.

நீட்: மாற்று இல்லாத தேர்வு

எம்பிபிஎஸ், பிடிஎஸ், சித்தா வேண்டுமென்றால் ஒப்பிட ஒன்றுமில்லை. எம்பிபிஎஸ்ஸுக்கும் பிடிஎஸ்ஸுக்கும் 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட்தான்; சித்தாவும் பின்னர் அதற்குள் வந்தது. அரசியல் வாதங்களை நான் இங்கே தொடவில்லை. பிள்ளை மே மாதம் ஹாலில் உட்கார வேண்டியிருக்கிறது. 2025 நிலவரப்படி 180 கேள்விகள், 720 மதிப்பெண், அதில் பாதி உயிரியல். தமிழில் எழுதலாம். 85 சதவீத அரசு இடங்கள் மாநிலத்துக்கு, 15 அகில இந்தியாவுக்கு.

இந்தத் தேர்வின் கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. அட்வான்ஸ்டுக்கு இரண்டே வாய்ப்பு என்பதால் வீடு ஒரு கட்டத்தில் முடிவெடுத்தே ஆக வேண்டும். நீட்டுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, உச்ச வயது வரம்பும் இல்லை. “இன்னும் ஒரு வருஷம்” என்று நான்கு வருடங்கள் போகின்றன. முதல் முறைக்குப் பிறகு ஒரே ஒரு வருடம் ரிப்பீட் என்று பிளஸ் ஒன் தொடங்கும்போதே வீட்டில் பேசி வையுங்கள். ரிசல்ட் வந்த இரவில் பேசினால் யாருக்கும் தெளிவாகப் பேச வராது.

நீட்டுக்குத் தயாராகும் பிள்ளை பிளஸ் டூ பரீட்சையை அலட்சியம் செய்தால் இழப்பு இரட்டிப்பு. கால்நடை மருத்துவம், தோட்டக்கலை, நர்சிங் எல்லாம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. நீட் கைவிட்டபோது தாங்கிப் பிடிப்பவை இவைதான். கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பை எடுத்தால் பொறியியலும் திறந்தே இருக்கும். சுமை அதிகம், பத்தாம் வகுப்பில் கணிதம் சுலபமாக வந்த பிள்ளைக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

மற்ற தேர்வுகள்

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் தேர்வுகள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்துக்கு மட்டுமே. வேலூர் விஐடி போன்ற இடங்களில் ரேங்க்கைப் பொறுத்துக் கட்டணம் மாறும். ஆகவே அங்கே ரேங்க்கை ஃபீஸ் தள்ளுபடியாகப் பாருங்கள்: நல்ல ரேங்க் வந்தால் யோசிக்கலாம், பின்னால் வந்தால் அந்தப் பணத்துக்கு மாநிலக் கலந்தாய்வில் என்ன கிடைக்கும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மாநிலத்தின் 69 சதவீத இட ஒதுக்கீடு அங்கே செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை. 2022-ல் வந்தது, அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு எதிராகத் தீர்மானமும் போட்டது. எதிர்ப்பு ஒருபுறம் இருக்கட்டும், வரலாறோ பொருளாதாரமோ படிக்க நினைக்கும் பிள்ளைக்கு டெல்லி பல்கலைக்கழகமும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் அதன் வழியாகத்தான். டெல்லியில் முன்பெல்லாம் நூற்றுக்கு நூறு கட்-ஆஃப் கேட்ட கல்லூரிகள்கூட இப்போது க்யூட் மதிப்பெண்ணைத்தான் பார்க்கின்றன. பிளஸ் டூவில் 85 சதவீதத்தில் நின்றுவிட்ட, ஆனால் பாடம் புரிந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை.

கணிதப் பைத்தியம் என்றால் சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம் இருக்கிறது. தன் சொந்தத் தேர்வில் நிரூபணங்களை எழுதச் சொல்கிறது. சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்புக்கு ஜேஇஇ வேண்டாம். நான்கு வாரப் பாடம் படித்து அவர்களே வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம்.

பிளஸ் ஒன்னும் ஒரு சான்றிதழும்

பிளஸ் ஒன் பற்றி மேலே விட்ட இடத்துக்கு வருகிறேன். ஜேஇஇயும் நீட்டும் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடப் பாடங்களிலிருந்தும் கேட்கின்றன. கட்-ஆஃபுக்குப் பிளஸ் ஒன் தேவையில்லை என்பதால் ஆகஸ்டிலேயே பிளஸ் டூ புத்தகத்தைத் திறக்கும் பள்ளிகள் இருக்கின்றன. சேர்க்கும்போது ஃபீஸையும் ரிசல்ட்டையும் கேட்பதோடு, பிளஸ் ஒன் பாடத்தை எந்த மாதம் முடிக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். பதில் தடுமாறினால், அந்தப் பள்ளி தரும் ‘இன்டெகிரேட்டட் கோச்சிங்’ வெறும் அச்சடித்த நோட்டுதான். பிளஸ் ஒன் இயக்கவியல் தெரியாத பிள்ளை எந்த கிராஷ் கோர்ஸிலும் தேறாது.

மத்திய நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் பிசி, எம்பிசி வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கையில் இருக்கும் மாநில சாதிச் சான்றிதழ் ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்குப் போதாது. ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை; முதலில் அதைச் சரிபார்த்துவிட்டு, ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு போனால் தாலுகா அலுவலகத்தில் உங்களைப் போலவே எல்லோரும் நிற்பார்கள்.