உடம்பு தேற எத்தனை நாள் ஆகும்?
பெண்களின் உடல் வலுவைப் பற்றிய விளக்கம்



மஞ்சக்குட்டையிலும் அதைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் வாழும் உங்களுக்கு உழைப்பு புதிதல்ல. மேட்டில் ஏறி இறங்குவதும், காப்பிப் பழம் பறித்துச் சுமப்பதும், விறகுக் கட்டைத் தலையில் ஏற்றிவருவதும் அன்றாட வேலைதான். ஆனாலும் நர்சம்மா வீட்டுக்கு வந்தால் பல தாய்மார்கள் கேட்பது இதுதான்: "இவ்வளவு வேலை செய்யறேன், உடம்பு மட்டும் தேறவே மாட்டேங்குது. உடம்பு பூசற மாதிரி ஏதாச்சும் மாத்திரை இருந்தா குடுங்க."

வயசுப் பெண்ணைப் பெற்ற தாய்மார்களின் கவலை வேறு: "சேலத்துல படிக்கிற பொண்ணு ஜிம்முக்குப் போறேன், வெயிட்டு தூக்கறேன்ங்கறா. ஆம்பளை மாதிரி ஆயிடுவாளோ?"

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றே. பெண் உடம்பில் தசை வளரும்; எந்த வயதிலும் வளரும். ஆனால் மெதுவாகத்தான் வளரும். ஒரே மாதத்தில் வளர்த்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், அது பொய்யாக இருக்கும். இல்லாவிட்டால் ஸ்டீராய்டாக இருக்கும். இந்த மெதுவைப் புரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

1. தசை எப்படி வளர்கிறது?

நம் தசை மெல்லிய நார்களால் ஆனது. பழகிய பாரத்தைவிடச் சற்று அதிகமான பாரத்தைத் தூக்கும்போது நார்களுக்குச் சிறிது சிரமம் உண்டாகிறது. பிறகு நாம் ஓய்வெடுக்கும்போதும் தூங்கும்போதும், உணவிலுள்ள புரதச் சத்தைக் கொண்டு உடம்பு அந்த நார்களைச் சீர்செய்து, முன்பைவிடத் தடிப்பாக்குகிறது. ஆகவே தசை வளர மூன்று தேவை: கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் பாரம், போதிய உணவு, ஓய்வு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வளர்ச்சி நின்றுவிடும்.

"அப்படின்னா தெனம் விறகு சுமக்கிற எனக்கு ஏன் வளரலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பத்து வருஷமாக அதே கட்டு, அதே பாதை. உடம்பு அதற்கு என்றைக்கோ பழகிவிட்டது. புதிதாக வளரவேண்டிய அவசியம் அதற்கு இல்லை. மேலும், காலையில் கடுங்காப்பியோடு கிளம்பி, எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சாப்பிட்டு, ஐந்து மணி நேரம் தூங்கி எழும் உடம்பு, நாரைத் தடிப்பாக்கச் சத்துக்கு எங்கே போகும்? உழைப்பு நிறைய இருக்கிறது. உணவும் ஓய்வும்தான் இல்லை.

2. எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

புதிதாகப் பயிற்சி தொடங்கி, ஒழுங்காகச் சாப்பிடும் ஒரு பெண் எதிர்பார்க்கத்தக்கது இதுதான்:

முதல் ஒன்றரை மாதம்: கண்ணாடியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் தூக்கும் சக்தி கூடும். காரணம், மூளையும் நரம்பும் இருக்கிற தசையை நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன. "ஒன்னும் தெரியலையே" என்று பலர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். விட்டுவிடாதீர்கள்.

இரண்டு, மூன்று மாதம்: தண்ணீர்க் குடம் முன்பைவிட லேசாகத் தோன்றும். மேடு ஏறினால் இளைப்பு குறையும். ரவிக்கைக் கை சற்று இறுக்கமாகும்.

ஒரு வருஷம்: இரண்டு அல்லது மூன்று கிலோ தசை கூடினால் அது நல்ல வளர்ச்சி. சிலருக்குக் குறைவாக இருக்கும், சிலருக்குச் சற்றுக் கூடும். அதற்குப் பிறகு வேகம் ஆண்டுக்கு ஆண்டு குறையும்.

எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். தசை கூடி, கொழுப்பு குறைந்தால் முள் அசையாமலே நிற்கும். எத்தனை லிட்டர் தூக்குகிறீர்கள், எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறீர்கள் என்று காலண்டரில் குறித்துவையுங்கள். அதுதான் சரியான கணக்கு.

3. ஆண் போல ஆகிவிடுவேனா?

ஆக மாட்டீர்கள். தசையைத் தடிப்பாக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண் உடம்பிலும் உண்டு. ஆனால் ஆணுக்கு அது பத்து மடங்குக்கும் மேல். எனவே பயிற்சியால் மட்டும் பெண்ணுக்கு ஆணின் உடல்வாகு வராது, குரல் மாறாது, மீசை முளைக்காது.

மணிப்பூரின் மீராபாய் சானுவைப் பாருங்கள். சிறுமியாக இருந்தபோது உங்களைப் போலவே மலையில் விறகுக் கட்டுச் சுமந்தவர். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ எடைப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இரண்டு தூக்கல்களில் 87 கிலோ, 115 கிலோ. மொத்தம் 202 கிலோ. தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தலைக்கு மேலே தூக்கிய அந்தப் பெண் ஐந்தடி உயரம்கூட இல்லை. வலு வேறு, பருமன் வேறு என்பது இதிலிருந்து விளங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். சிறு வயதில் பயிற்சி தொடங்கிய அவருக்கு அந்தப் பதக்கம் கிடைத்தபோது வயது 26. இடையில் 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் பதக்கம் இல்லாமல் திரும்பினார். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அது.

"வயசாயிடுச்சே, இனிமேலா?" என்பவர்களுக்குப் பொள்ளாச்சி வட்டாரத்துக் கிட்டம்மாள் பாட்டியே பதில். 2024 மே மாதம் கோவையில் நடந்த பளுதூக்கும் போட்டியில், தம் 82-ஆம் வயதில், 50 கிலோவைத் தரையிலிருந்து தூக்கினார். முப்பது வயதுக்குப் பிறகு பயிற்சி இல்லாத உடம்பில் தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகமாகக் குறைகிறது. தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியாமல் இருக்க, பாட்டிமாருக்குத்தான் தசை அதிகம் தேவை.

4. வீட்டிலேயே தொடங்கலாம்

ஜிம் வேண்டியதில்லை. மூடி போட்ட ஐந்து லிட்டர் கேன் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எடைக்கல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

(அ) நாற்காலியில் அல்லது திண்ணையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவது.
(ஆ) சுவரில் இரு கைகளையும் ஊன்றி, முழங்கையை மடக்கி நீட்டுவது. பழகியபின் திண்ணை விளிம்பில் ஊன்றிச் செய்யலாம்.
(இ) முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கிக் கேனைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது.
(ஈ) கேனை இடுப்பிலிருந்து தோள் வரை தூக்கி இறக்குவது.

ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று தடவை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. பன்னிரண்டு முறை சுலபமாகச் செய்ய முடிந்தால் கேனில் அரை லிட்டர் தண்ணீர் கூட்டுங்கள். இந்த அரை லிட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அதைப் போல. காப்பி அறுவடைக் காலத்தில் வேலை கடுமையாக இருந்தால் வாரம் ஒரு நாள் போதும். அந்த நாட்களில் தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

5. சாப்பாடு

50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சாதாரணமாக நாளொன்றுக்கு 40 கிராமுக்குச் சற்று மேல் புரதம் தேவை. தசை வளர்க்க வேண்டுமானால் 60 கிராம், அதற்குச் சற்று மேலும் நல்லது. பெரிய தொகை போலத் தோன்றும். கணக்குப் பாருங்கள்:

அரிசி, கேழ்வரகு, சாமை எல்லாமாக 300 கிராம் – 21 கிராம் புரதம்
துவரம் பருப்பு 50 கிராம் – 11
கொள்ளு அல்லது வேறு பயறு சுண்டல் 50 கிராம் – 11
வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம் – 7
முட்டை இரண்டு – 12
ஆகக் கூடி 62 கிராம்.

முட்டை சாப்பிடாதவர்கள் இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர் சேர்த்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த டப்பா மாவு அவசியமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுப் புரதத்தைக் கூட்டவேண்டும்.

இரத்த சோகையை மறக்காதீர்கள். 2019–21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் (கர்ப்பிணிகளுக்கு 11) முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இரத்தம் இல்லாத உடம்பில் பயிற்சி இளைப்பைத்தான் தரும். பரிசோதனையும் இரும்புச் சத்து மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சாப்பிட்ட கையோடு டீயோ காப்பியோ குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது; ஒரு மணி நேரம் பொறுங்கள். நம் மலை ஆரஞ்சும் நெல்லிக்காயும் இரும்பு சேர உதவும்.

6. ஸ்டீராய்டு என்றால் என்ன?

ஸ்டீராய்டில் இரண்டு வகை உண்டு. குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை, தசை ஏற்றும் ஸ்டீராய்டு. இது ஆண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து. சில ஜிம்களில் ஊசியாகவும் மாத்திரையாகவும் கைமாறுகிறது. மூன்று மாதத்தில் உடம்பை மாற்றிக்காட்டும் கைப்பேசிப் படங்கள் சிலவற்றின் பின்னே இருப்பது இதுதான். பெண் இதை எடுத்தால் மாதவிலக்கு தவறும் அல்லது நிற்கும், முகத்தில் ரோமமும் பருவும் வரும், தலைமுடி கொட்டும், ஈரலும் இருதயமும் கெடும். குரல் தடித்துவிட்டால், மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாமல் போகலாம். கர்ப்பமாக இருக்கும்போது எடுத்தால் வயிற்றிலுள்ள பெண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியே மாறக்கூடும். ஊசியைப் பலர் பகிர்ந்தால் எய்ட்ஸ் கிருமியும் மஞ்சள் காமாலைக் கிருமியும் தொற்றும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1970-களிலும் 80-களிலும் கிழக்கு ஜெர்மனியில், விளையாட்டு வீராங்கனைகளுக்கு, பள்ளிச் சிறுமிகளுக்கும்கூட, "வைட்டமின்" என்று சொல்லி நீல நிற மாத்திரைகள் கொடுத்தார்கள். பதக்கங்கள் குவிந்தன. மாத்திரை ஸ்டீராய்டு என்பது பலருக்குத் தெரியாது. குரல் மாறியது, பின்னாளில் பலவித நோய்கள் வந்தன. 2000-ஆம் ஆண்டு பெர்லின் நீதிமன்றம் அந்த நாட்டின் முன்னாள் விளையாட்டுத் தலைவரையும் ஒரு மருத்துவ அதிகாரியையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, கெட்ட உடம்பு திரும்பி வரவில்லை.

இரண்டாம் வகை, ஆஸ்துமா, வாதம் போன்ற நோய்களுக்கு டாக்டர் தரும் ஸ்டீராய்டு. டாக்டர் சொன்ன அளவில் இது உயிர் காக்கும் மருந்து. ஆஸ்துமா இன்ஹேலரைப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் இதே மாத்திரையை "உடம்பு பூச" என்று சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடுவோர் உண்டு. முகம் உப்பும், பசி எடுக்கும், எடை கூடும். பார்ப்பவர்கள் "நல்லா தேறிட்டியே" என்பார்கள். அது தசை அல்ல; நீரும் கொழுப்பும். உள்ளே தொடைத் தசை கரையும், எலும்பு நொய்யும், சர்க்கரை ஏறும். நாள்பட எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உடனே டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

7. யார் பொறுத்திருக்க வேண்டும்?

பிரசவமானவர்கள்: குறைந்தது ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. சிசேரியன் ஆனவர்கள் டாக்டர் சொன்ன பிறகே தொடங்கலாம்.

குடும்பநல அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்: இரண்டு நாளில் லேசான வேலை செய்யலாம்; கடின வேலைக்கும் பாரத்துக்கும் இரண்டு வாரம் பொறுங்கள். அறுவையால் உடம்பு வலு போய்விடும் என்பது தவறான எண்ணம்.

கர்ப்பிணிகள்: நடையும் லேசான பயிற்சியும், டாக்டரைக் கேட்டு.

அடி இறங்குவது போன்ற உணர்வு, சிறுநீர்க் கசிவு, நெஞ்சு வலி, மயக்கம் உள்ளவர்கள்: முதலில் பரிசோதனை. கூச்சப்பட்டு மறைக்காதீர்கள்.

ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் மூன்று வருஷ இடைவெளி விடுவது, தாயின் உடம்பு தேற மிகப் பெரிய உதவி.

தாய்மார்களே! அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் திரும்பித்தான் மேலே வருகிறது. வளைவு அதிகம் என்று குறுக்கே ஏற்றினால் வண்டி பள்ளத்தில்தான் கிடக்கும். உடம்பும் அப்படியே. பெண்ணுக்கும் ஒரு முட்டை, பெண்ணுக்கும் ஏழு எட்டு மணித் தூக்கம் என்பதை வீட்டிலுள்ள ஆண்களும் உணர வேண்டும். அது கிடைத்தால், அரை லிட்டர் அரை லிட்டராக வலு கூடும்.

நினைவில் கொள்ளுங்கள்:
• பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும்.
• வேலைக்குத் தக்க உணவு, உணவுக்குத் தக்க ஓய்வு.
• ஆண்டுக்கு இரண்டு, மூன்று கிலோ தசை என்பதே நல்ல வளர்ச்சி.
• சீட்டு இல்லாத மாத்திரையும் ஊசியும் வேண்டவே வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, ஏற்காடு அரசு மருத்துவமனையையோ அணுகுங்கள்.