ஆடை வடிவமைப்புப் பயின்றோர்க்கு முதற்பணி

பருத்தி விளையும் பெரம்பலூரிலிருந்தோ, பட்டுத்தறி ஒலிக்கும் அரியலூர் ஜயங்கொண்டம் பகுதியிலிருந்தோ மாணவர் ஒருவர், 1995-இல் சென்னையில் தோன்றிய நிஃப்ட் போன்ற நிறுவனமொன்றிற் பயின்று பட்டம் பெறுகின்றார் என்க. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சாலைகளை நாடுவார்க்கு ஆங்கு முதற்பணி பெரும்பாலும் படம் வரைதலன்று. துணியெடை, அளவு, விலை, கெடு இவற்றைக் கணித்து மாதிரி தைப்பித்தலேயாம்.

தறியின் கணக்கோ இன்னும் கடிது. ஜக்கார்டு அட்டை ஒவ்வொன்றும் எந்தப் பாவிழைகள் எழவேண்டுமென்று விதிக்கும். தாளில் வரைந்த மலர் இழைக்கணக்கிற் பிழைத்தால் புடவையிற் கோணும்; அந்நட்டம் நெசவாளர் கூலியையும் தொடும். பாவேற்றியபின் அதன் நிறத்தை மாற்றலும் எளிதன்று.

ஆதலின், விண்ணப்பம் எழுதுமுன் ஒரு பாவு நெய்து முடியுமளவும் தறியருகே அமர்ந்து கற்குமாறு யாம் வேண்டுகின்றோம். சம்பளமில்லையே என்று வீட்டார் முணுமுணுப்பர், அது பொறுக்கத்தக்கதே. அங்கு நெய்த துணித்துண்டையும் அதன் கட்டத்தாளையும் நேர்காணலுக்கு எடுத்துச் செல்க.